கப்கேக் குழியில் கலவை ஊற்ற எதை வாங்கலாம்? வடசென்னை வீட்டு பேக்கர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வீட்டில் கப்கேக் போட்டு விற்கிறவர்களுக்கு வருகிற புகார் பெரும்பாலும் ருசியைப் பற்றி இருக்காது, அளவைப் பற்றித்தான் இருக்கும். வகுப்பில் நாற்பது பிள்ளைகள், பெட்டியைத் திறந்தால் ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி, இரண்டு வழிந்துபோய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும், பெரியது யாருக்கு என்று அங்கேயே சண்டை ஆரம்பித்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை அடுப்புக்குள் நடக்கிறது. ட்ரே முழுக்க ஒரே நேரம்தான் வேகும். குறைவாக ஊற்றிய குழி பதினைந்து நிமிடத்தில் வெந்து அதற்கு மேல் காய ஆரம்பிக்கும்போது, நிறைய ஊற்றிய குழியின் நடுவில் குச்சியை விட்டால் இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டு வரும். நல்ல வெண்ணெய், நல்ல வெனிலா எல்லாம் போட்டும் பாதி ட்ரே வறட்டி மாதிரி ஆவதற்கு ஓவனைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதைச் சரிசெய்ய ஒரு கருவி வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடைக்குப் போய்க் கண்ணுக்கு அழகாகத் தெரிகிற ஒன்றை வாங்கி வந்து, அப்புறம் அதற்கு வேலை தேடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. நான் சொல்வது தலைகீழ் வரிசை. முதலில் உங்கள் குழி எவ்வளவு பிடிக்கும் என்று அளங்கள், அடுத்து உங்கள் கலவை எப்படி ஓடுகிறது என்று பாருங்கள், இந்த இரண்டும் தெரிந்தால் என்ன வாங்க வேண்டும் என்பது தானாகவே முடிவாகிவிடும். சில பேருக்கு ஊற்றுவதற்கென்று எதுவுமே வாங்க வேண்டியிருக்காது, வீட்டில் இருக்கிற குழிக்கரண்டியே போதும்.

குழியை அளப்பது

எலக்ட்ரானிக் தராசு ஒன்று வேண்டும், ஒரு கிராம் வரை காட்டுகிற சாதாரணச் சமையல் தராசு போதும். இந்த வழிகாட்டியில் கட்டாயம் காசு போட்டு வாங்கச் சொல்வது இதை மட்டும்தான், மற்றதெல்லாம் உங்கள் தேவையைப் பொறுத்தது.

ட்ரேயைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். ஒரே ஒரு குழியில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி, அதனால் தராசு 100 காட்டினால் அந்தக் குழி 100 மில்லி பிடிக்கும். ட்ரே பெரிதாக இருந்து தராசின் எண்களை மறைத்தால், தராசின் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ட்ரேயை வையுங்கள், குனிந்து பார்த்தால் எண் தெரியும். ட்ரேயில் இல்லாமல் தனித்தனியாக நிற்கிற காகிதக் கப், அலுமினிய ஃபாயில் கப், குட்டித் தகரம் என்றால் இன்னும் சுலபம், ஒன்றை எடுத்துத் தராசில் வைத்து ஊற்றிப் பார்த்துவிடலாம். குழிக்குள் காகித லைனர் போடுகிறவர்கள், அதன் மடிப்புகள் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்து, அளவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு குழி இருக்கிற வழக்கமான மஃபின் ட்ரேயில் ஒரு குழி 100 மில்லியைச் சுற்றி இருக்கும், இருபத்து நான்கு குழி மினி ட்ரேயில் 30 மில்லியைச் சுற்றி. சுற்றி என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் ஒரே மாதிரி தெரிகிற இரண்டு ட்ரேக்கள் நடுவில் பதினைந்து இருபது மில்லி வித்தியாசம் இருப்பது சாதாரணம். ஒன்றை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போன இடத்திலும் இன்னொன்றை ஆன்லைனிலும் வாங்கியிருந்தால் கட்டாயம் இரண்டையும் அளக்க வேண்டும்.

எவ்வளவு நிரப்புவது

வெண்ணெயும் சர்க்கரையும் அடித்துச் செய்கிற சாதா கப்கேக்குக்கு மூன்றில் இரண்டு பங்கு. மேலே குவிந்து தலை வைக்கிற மஃபினுக்கு முக்கால், சிலர் அதற்கு மேலும் போவார்கள், கலவை கெட்டியாக இருந்தால் தாங்கும். தயிரும் சோடாவும் போட்டு நிறைய எழும்புகிற முட்டையில்லாத கலவைக்குப் பாதியைக் கொஞ்சம் தாண்டினால் போதும். பிரௌனி அதிகம் எழாது, அதனால் விளிம்புக்கு ஒரு விரல் அகலம் கீழே வரை ஊற்றலாம். மேலே கிரீம் சுற்றி அலங்கரிக்கப் போகிறீர்கள் என்றால் கப்கேக் தட்டையாக முடிவது நல்லது, அதனால் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே ஊற்றுங்கள்.

இப்போது கணக்கு. குழி 100 மில்லி, மூன்றில் இரண்டு என்றால் சுமார் 65 மில்லி கலவை. மினி குழி 30 மில்லி என்றால் 20 மில்லி. இந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குப் போகும்போது அதுதான் வேண்டும்.

ஸ்கூப்பில் இருக்கிற எண் என்ன சொல்கிறது

ஐஸ்கிரீம் கடையில் பார்த்திருப்பீர்கள், கைப்பிடியை அழுத்தினால் உள்ளே ஒரு தகடு ஓடி உருண்டையை வழித்துத் தள்ளும், அந்த லீவர் ஸ்கூப்தான் உலகம் முழுக்க பேக்கரிகளில் கலவை பிரிக்கப் பயன்படுகிறது. நல்ல ஸ்கூப்பில் தகட்டிலோ கைப்பிடியிலோ ஒரு எண் பொறித்திருக்கும். எண் கூடக்கூட அளவு குறையும். இது அமெரிக்கக் குவார்ட் கணக்கு. ஒரு குவார்ட் என்பது சுமார் 946 மில்லி, அதை எத்தனை முறை எடுத்தால் காலியாகுமோ அதுதான் ஸ்கூப்பின் எண். பதினாறாம் நம்பர் என்றால் 946 வகுத்தல் 16, அதாவது 59 மில்லி, நம் கால் கப் அளவுக்குக் கிட்டத்தட்ட சமம். இருபதாம் நம்பர் 47 மில்லி, இருபத்து நான்கு 39, நாற்பது 24, ஐம்பது 19, அறுபது 16 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு.

ஆக 65 மில்லி வேண்டுமானால் 946 ஐ 65 ஆல் வகுங்கள், பதினான்கரை வரும், அதாவது பதினான்காம் நம்பர் கிடைத்தால் அதுவும் இல்லையென்றால் பதினாறும். கிரீம் வைக்கிற கப்கேக்குக்குப் பதினாறுதான் என் தேர்வு, கொஞ்சம் குறைவாக விழுவது நமக்கு நல்லது. மினி ட்ரேக்கு ஐம்பது, அது கிடைக்காவிட்டால் நாற்பதை வாங்கி விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் உள்ளே வழித்து எடுக்கலாம், ஆனால் கை பழக நாளாகும்.

நம் ஊர்க் கடைகளில் ஒரு சிக்கல். நிறைய ஸ்கூப்புகளில் இந்த எண்ணே இருக்காது, நான்கு சென்டிமீட்டர், ஐந்து, ஆறு என்று விட்டத்தை மட்டும் சொல்லி விற்பார்கள். விட்டத்தை வைத்து மில்லியைக் கணக்குப் போடாதீர்கள், கிண்ணத்தின் ஆழம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ரவையை விளிம்போடு தட்டி எடுத்து மில்லி கோடு போட்ட கப்பில் கொட்டிப் பாருங்கள். ஐந்து முறை எடுத்துக் கொட்டி ஐந்தால் வகுத்தால் சரியாக வரும். தண்ணீரில் அளக்க முடியாது, தகடு ஓடுகிற சந்தில் ஒழுகிவிடும்.

கலவை எப்படி ஓடுகிறது

இந்த இடத்தில்தான் அதிகம் யோசிக்க வேண்டும், ஆனால் கருவி வாங்குகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை. கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். தோசை மாவு மாதிரி தாரையாக ஓடுகிறதா, இட்லி மாவு மாதிரி மடிந்து மடிந்து விழுகிறதா, இல்லை உதறினால்தான் பொத்தென்று விழுகிறதா?

தாரையாக ஓடுகிற கலவைக்கு, சூடான தண்ணீர் ஊற்றிச் செய்கிற எண்ணெய் சாக்லேட் கேக் அந்த வகை, ஸ்கூப் வேண்டவே வேண்டாம். எடுத்துக் குழிக்குக் கொண்டுபோவதற்குள் தகட்டுச் சந்தில் சொட்டி ட்ரே முழுக்கப் புள்ளி வைக்கும், அந்தப் புள்ளிகள் கருகி அடுத்த முறை தேய்க்கும்போது உயிரை எடுக்கும். மூக்கு வைத்த ஒரு ஜக்கில் ஊற்றி, ட்ரேயைத் தராசில் வைத்து ஒவ்வொரு குழியாக ஊற்றி ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியம் ஆக்குங்கள், இதைவிடத் துல்லியமான வழி கிடையாது. மினி குழி என்றால் ஹோட்டல் மேஜையில் இருக்கிற மாதிரி அமுக்குகிற சாஸ் பாட்டில், மூக்கைக் கொஞ்சம் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

மடிந்து விழுகிற கலவைக்கு, சாதா வெண்ணெய்க் கேக், தயிர் போட்ட முட்டையில்லாத கேக், ரவா கேக் எல்லாம் இதில் வரும், லீவர் ஸ்கூப்தான் ராஜா. ஒரு அமுக்கு, ஒரு குழி. சவுகார்பேட்டைப் பக்கம் ஆர்டர் எடுக்கிறவர்களுக்குப் பாதிக்கு மேல் முட்டையில்லாததாகத்தான் இருக்கும், அதில் வேகமும் முக்கியம். சோடா தயிரைத் தொட்ட உடனே குமிழ் விட ஆரம்பித்துவிடும், அடுப்புச் சூட்டுக்காகப் பாதியை மிச்சம் வைக்க அது பேக்கிங் பவுடர் இல்லை. இரண்டு ஸ்பூனை வைத்துக்கொண்டு ஒன்றால் எடுத்து ஒன்றால் தள்ளி நாற்பத்தெட்டுக் குழி நிரப்புவதற்குள் முதல் ட்ரேயும் கடைசி ட்ரேயும் வேறு வேறு கேக் ஆகிவிடும்.

உதறினால் விழுகிற கெட்டிக் கலவைக்கும் ஸ்கூப் சரிதான், ஆனால் தகட்டை ஓட்டுகிற பல்சக்கரம், அதாவது கியர், வலுவாக இருக்க வேண்டும், மெல்லிய ஸ்கூப்பின் பல் ஒரே மாதத்தில் நழுவ ஆரம்பிக்கும். டூட்டி ஃப்ரூட்டி, முந்திரி, கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஊறவைத்த பழங்கள் என்று துண்டுகள் இருந்தால் பாட்டிலையும் புனலையும் மறந்துவிடுங்கள், ஒரு முந்திரி போய் அடைத்துக்கொண்டால் அன்றைய வேலை அவ்வளவுதான். ராயபுரம், பெரம்பூர் பக்கம் டிசம்பரில் குட்டி பிளம் கேக் ஆர்டர் எடுக்கிறவர்கள் பெரிய ஸ்கூப், அதாவது பன்னிரண்டாம் நம்பர் மாதிரி 79 மில்லி பிடிப்பது ஒன்றை வைத்துக்கொள்ளலாம், பழம் தகட்டில் சிக்குவது குறையும்.

முட்டையை நுரை பொங்க அடித்துச் செய்கிற ஸ்பாஞ்ச் தனி ஜாதி. அதில் எழுப்புவதே உள்ளே இருக்கிற காற்றுதான், தொடத்தொட அது போய்க்கொண்டே இருக்கும். வாயகன்ற குழிக்கரண்டியால் அள்ளி, குழிக்குப் பக்கத்தில் தாழ்வாகப் பிடித்து மெதுவாகச் சரித்து விடுங்கள். இல்லையென்றால் கிரீம் பிழிகிற பைப்பிங் பேக்கில் வாயைப் பெரிதாக வெட்டி ஒரே இழுப்பில். ஸ்கூப்பில் எடுத்து விளிம்பில் அழுத்தி வழித்தால் அங்கேயே பாதி நுரை செத்துவிடும்.

இன்னொரு விஷயம், நம் ஊர் வெயில். அக்னி நட்சத்திர நேரத்தில் ஏசி இல்லாத சமையலறையில் வெண்ணெய்க் கலவை வைத்த இடத்திலேயே இளகும், காலையில் மடிந்து விழுந்தது மதியம் தாரையாக ஓடும். மே மாதம் ஜக்கைத் தேடுகிறவர்கள் ஜனவரியில் அதே கலவைக்கு ஸ்கூப்பைத் தேடுவார்கள். இதற்காக இரண்டு கருவி வாங்க வேண்டாம், கலவைக் கிண்ணத்தைப் பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் வைத்தால் போதும்.

மற்ற கருவிகள், சுருக்கமாக

குழிக்கரண்டியைக் கேவலமாகப் பார்க்காதீர்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு ட்ரே, வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் 60 மில்லி பிடிக்கிற ஒரு குழிக்கரண்டியைக் கண்டுபிடித்து அதற்கென்றே ஒதுக்குங்கள். வீட்டில் இருக்கிற எல்லாக் கரண்டியையும் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பார்த்தால் ஏதாவது ஒன்று பொருந்திவிடும். கடைசியில் ஒட்டியிருப்பதை வழிக்க ஒரு சிலிகான் ஸ்பாச்சுலா.

அளவுக் கப்பில் கால் கப் எடுத்து ஊற்றலாம், எல்லோரும் ஆரம்பத்தில் செய்வது அதுதான். குறை என்னவென்றால் ஒவ்வொரு முறையும் விரலாலோ ஸ்பாச்சுலாவாலோ வழிக்க வேண்டும், வழிக்கிற அளவு முறைக்கு முறை மாறும்.

பைப்பிங் பேக் மினி ட்ரேக்கும் காகிதக் கப்புக்கும் நல்லது, விளிம்பில் ஒட்டாமல் நேராகக் குழிக்குள் விழும். உயரமான ஒரு ஜாடிக்குள் பையை நிறுத்தி, வாயை வெளியே மடித்துவிட்டு நிரப்புங்கள். முனையைச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வெட்டுங்கள், நிரப்புவதற்கு முன் வெட்டாதீர்கள். அளவுக்குக் கையும் கண்ணும்தான் பொறுப்பு, அதனால் தராசு பக்கத்தில் இருக்க வேண்டும்.

புனல் மாதிரி இருந்து கீழே வால்வும் மேலே லீவரும் இருக்கிற டிஸ்பென்சர் ஒன்று உண்டு, வீடியோக்களில் பார்க்க ரொம்பக் கவர்ச்சியாக இருக்கும். என் கருத்தைக் கேட்டால் வீட்டு பேக்கர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தேவையில்லை. லீவரை எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறீர்களோ அவ்வளவு விழும், அதாவது அதுவாக ஒன்றையும் அளப்பதில்லை. பக்கத்தில் கோடு போட்டிருப்பார்கள், ஆனால் ஊற்றுகிற அவசரத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை. கெட்டிக் கலவை இறங்காது, துண்டு இருந்தால் அடைக்கும், கழுவ நான்கு பாகமாகப் பிரிக்க வேண்டும். தினமும் ஒரே மெல்லிய கலவையைப் பெரிய அளவில் மினி ட்ரேயில் ஊற்றுகிறவர்கள், பான்கேக் போடுகிறவர்கள் வாங்கலாம். மற்றவர்கள் அந்தக் காசில் நல்ல வெண்ணெய் வாங்குங்கள்.

லீவர் இல்லாத கனமான அலுமினிய ஐஸ்கிரீம் ஸ்கூப்பைச் சில கடைகளில் காட்டி, இதுவும் அதுதான் என்பார்கள். அது அல்ல. உள்ளே திரவம் அடைத்துக் கைச் சூட்டைக் கடத்தி உறைந்த ஐஸ்கிரீமை வழுக்கி விடச் செய்தது, கேக் கலவை அதிலேயே ஒட்டிக்கொள்ளும், குழியில் விழாது.

கடையில் பார்த்து வாங்குவது

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை ஆட்களுக்குப் பாரிமுனை இப்போது ரொம்பச் சுலபம், 2021 முதல் விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஓடுகிறது, மண்ணடியிலோ உயர் நீதிமன்ற நிலையத்திலோ இறங்கினால் நடந்துவிடலாம். ஈவினிங் பஜார், தேவராஜ முதலி தெரு, அதைச் சுற்றியிருக்கிற சந்துகளில் பாத்திரம், பிளாஸ்டிக், ஹோட்டல் சாமான் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை நிறைய கடைகள் மூடியிருக்கும், பண்டிகைக்கு முந்தின வாரம் கால் வைக்க முடியாது. ஆன்லைனிலும் கிடைக்கும், ஆனால் லீவர் ஸ்கூப்பைக் கையில் அழுத்திப் பார்க்காமல் வாங்குவது எனக்குப் பிடிக்காத வேலை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கடைக்காரரிடம் “அண்ணே, இதுல நம்பர் போட்டிருக்கா?” என்று கேட்டால் “இன்னா நம்பர்மா, சின்னது, நடு சைசு, பெருசு, அவ்ளோதான்” என்றுதான் பதில் வரும். பரவாயில்லை. நீங்கள் கொண்டுபோன காகிதத்தில் இருக்கிற மில்லிக்கு ஏற்ற ஒரு மூடி, ஒரு மருந்துக் கப் எதையாவது பையில் எடுத்துப் போனால் கண்ணாலேயே ஒப்பிட்டுவிடலாம்.

கையில் எடுத்ததும் இருபது முப்பது முறை வேகமாக அழுத்துங்கள். கியர் பல் ஒரு முறையாவது நழுவி டக்கென்று சத்தம் போட்டால் வைத்துவிடுங்கள். தகடு ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவர் வரை முழுக்கப் போய், விட்டதும் தானாகத் திரும்ப வேண்டும், பாதியில் நின்றால் ஸ்பிரிங் மட்டம். தகட்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் சந்து தெரியக் கூடாது, அந்தச் சந்தில்தான் கலவை மிச்சம் நிற்கும், ஒவ்வொரு குழிக்கும் ஐந்து கிராம் குறையும்.

கைப்பிடி இரண்டு வகை. கட்டைவிரலால் தள்ளுகிற லீவர் ஒன்று, இரண்டு கைப்பிடியையும் இடுக்கி மாதிரி சேர்த்து அமுக்குகிறது இன்னொன்று. கட்டைவிரல் வகை பெரும்பாலும் வலது கைக்காரர்களுக்குச் செய்தது, இடது கைக்காரர்கள் வாங்கினால் மணிக்கட்டைத் திருகிக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கும். அமுக்குகிற வகை எந்தக் கைக்கும் சரி. மூட்டுவலி இருக்கிறவர்கள் கட்டைவிரல் வகையைத் தொடவே வேண்டாம். ஐம்பது அறுபது குழி தொடர்ந்து தள்ளினால் கட்டைவிரல் அடிப்பகுதி மறுநாள் சொல்லும்.

அப்புறம் உலோகம். கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்புக் காற்று ஜன்னல் கம்பியையே தின்கிறது, ஸ்பிரிங்கை விடுமா? மேலே பளபளப்பு முலாம் பூசின இரும்பு ஸ்கூப் விலை குறைவாக இருக்கும், ஆனால் முலாம் உரிந்து தகட்டின் ஓரத்தில் செம்மண் நிறம் வந்தால் அதோடு தூக்கிப் போட வேண்டியதுதான், உணவில் கலக்கும். முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகக் கேளுங்கள், 304 தரம் என்றால் நல்லது. சிலர் காந்தம் வைத்துப் பார்த்து ஒட்டவில்லை என்றதும் 304 என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 202 என்கிற மட்டத் தரத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, ஆனால் அதில் நிக்கல் குறைவு, உப்புக் காற்றில் சீக்கிரம் கறை பிடிக்கும். காந்தச் சோதனை இரும்பைக் கண்டுபிடிக்கத்தான் உதவும், தரத்தைக் கண்டுபிடிக்க உதவாது. ஸ்பிரிங் என்ன உலோகம் என்றும் கேளுங்கள், கிண்ணம் நல்ல ஸ்டீலாகவும் ஸ்பிரிங் சாதாரணக் கம்பியாகவும் இருக்கிற ஸ்கூப் நிறைய உண்டு.

முட்டை சேர்த்தது, சேர்க்காதது இரண்டும் செய்கிறவர்கள் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள், கைப்பிடி நிறம் வேறாக இருக்கட்டும். சைவம் கண்டிப்பாகப் பார்க்கிற வாடிக்கையாளர்கள் நேராகவே கேட்பார்கள். கரண்டி, கிண்ணத்தை நன்றாகக் கழுவினால் போதும், ஆனால் ஸ்கூப்பின் கியருக்குள் போன முட்டைக் கலவை முழுக்க வெளியே வந்ததா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

வாங்கி வந்த பிறகு

முதல் ஆர்டருக்கே புது ஸ்கூப்பை இறக்காதீர்கள். வீட்டுக்குச் செய்கிற ஒரு கலவையில் பழகுங்கள். கலவை முழுவதையும் முதலில் எடை போட்டு, குழிகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். கலவை 1,320 கிராம், குழி இருபத்து நான்கு என்றால் ஒன்றுக்கு 55 கிராம். ட்ரேயைத் தராசில் வைத்து ஐந்தாறு ஸ்கூப் ஊற்றி ஒவ்வொன்றும் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். மூன்று கிராம் முன்னே பின்னே இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, எட்டுப் பத்து கிராம் வித்தியாசம் வந்தால் எடுக்கிற விதத்தில் கோளாறு.

எடுக்கிற விதம் இதுதான். கலவையில் ஸ்கூப்பைச் சாய்த்து இழுத்து நிரப்புங்கள், நேராகக் குத்தி எடுத்தால் உள்ளே காற்றுப் பை மாட்டிக்கொள்ளும். கிண்ணத்தின் உள்சுவரில் ஸ்கூப்பின் வாயைத் தேய்த்துத் தட்டையாக்குங்கள், எல்லா முறையும் அதே இடத்தில், அதே அழுத்தத்தில். குழியின் நடுவில், விளிம்புக்கு ஒட்டித் தாழ்வாகப் பிடித்து அமுக்குங்கள். உயரத்திலிருந்து விட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும், வெந்த பிறகும் அந்தச் சாய்வு இருக்கும். கலவை தகட்டில் ஒட்டினால் நான்கைந்து குழிக்கு ஒரு முறை தண்ணீரில் முக்கி உதறிக்கொள்ளலாம், சொட்டச் சொட்ட இல்லை.

தராசைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த தராசுகள் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் அந்தச் சின்ன மாற்றத்தைத் தானாகப் பூஜ்ஜியமாக்கிக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். மினி குழிக்கு ஊற்றும்போது எண் நகரவில்லை என்று மேலும் மேலும் ஊற்றுவீர்கள். ட்ரேயை ஒரு முறை தூக்கி வைத்தால் சரியான எடை தெரியும். இரண்டு நிமிடத்தில் தானாக அணைந்துபோகிற தராசும் நடு வேலையில் கழுத்தை அறுக்கும், வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஒரு கலவைக்குச் சரியான கிராம் கிடைத்ததும் அந்தச் சமையல் குறிப்பிலேயே எழுதி வையுங்கள். ஒரே ஸ்கூப் வெண்ணெய்க் கலவையில் 55 கிராம் எடுத்தால், நுரை அடித்த கலவையில் அதில் பாதிதான் எடை இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே எண் ஒத்துவராது.

கழுவுவதும் வைப்பதும்

வேலை முடிந்த உடனே ஸ்கூப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிடுங்கள். மைதா காய்ந்து கியரில் கெட்டிப்பட்டால் அப்புறம் பல் நழுவத்தான் செய்யும். சோப்புத் தண்ணீருக்குள் வைத்தே பத்து முறை அமுக்கி, பழைய டூத்பிரஷ்ஷால் கியரையும் தகட்டின் அடியையும் தேய்க்க வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் கடைசி அலசலை மட்டுமாவது மெட்ரோ தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ செய்யுங்கள், உப்பு படிந்தால் ஸ்பிரிங் இறுகும். துணியால் துடைத்துவிட்டு, சூடு ஆறிக்கொண்டிருக்கிற ஓவனுக்குள் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் உள்ளே இருக்கிற ஈரமும் போய்விடும், பிளாஸ்டிக் கைப்பிடி என்றால் இதைச் செய்யாதீர்கள். கியரில் ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய், மெஷின் எண்ணெய் கூடவே கூடாது. மழைக்காலத்தில் டிராயருக்குள் போட்டு மூடாமல் ஆணியில் தொங்கவிடுங்கள்.

வழக்கமில்லாத குழிகள்

குட்டி லோஃப் தகரத்துக்குத் தனி ஸ்கூப் தேடி அலைய வேண்டாம். 250 மில்லி பிடிக்கிற தகரத்துக்கு மூன்றில் இரண்டு என்றால் சுமார் 165 மில்லி, பன்னிரண்டாம் நம்பரில் இரண்டு எடுத்தால் 158 வந்துவிடும். மட்லின் மாதிரி சிப்பி வடிவக் குழி ஆழமே இல்லாதது, அதற்குப் பைப்பிங் பேக்தான், நடுவில் ஒரு கோடு இழுத்து விட்டால் சூட்டில் அதுவே பரவி நிரப்பும். சிலிகான் அச்சு கையில் எடுத்தாலே வளையும், நிரப்பிய பிறகு தூக்க முடியாது, முதலிலேயே ஓவன் தட்டின் மேல் வைத்து அதோடு சேர்த்துத் தராசில் ஏற்றுங்கள். தட்டும் அச்சும் கலவையும் சேர்ந்து எவ்வளவு கனம் வரும் என்று பார்த்து அதைத் தாங்குகிற தராசாக, ஐந்து கிலோ வரை போகிறதாகப் பார்த்து வாங்குங்கள்.

பணியாரக் கல்லில் மினி கேக் சுடுகிறவர்களும் உண்டு, அடுப்பில் கல் ஏற்கெனவே சூடாக இருக்கும் என்பதால் அங்கே துல்லியத்தைவிட வேகம் முக்கியம். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் நடுவில் ஒரு நிமிடம் ஆனாலே முதல் குழி அடியில் சிவந்துவிடும். சாஸ் பாட்டிலில் நிரப்பி வெளி வட்டத்தில் ஆரம்பித்து நடுக்குழியில் முடியுங்கள், நடுவில்தான் தீ அதிகம்.